சாய்தளம் இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

பொது இடங்களிலும் இணையச் சேவைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள அணுகல் உரிமைகள் குறித்துக் கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டுள்ளேன். பதில்கள் பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ஐ அடிப்படையாகக் கொண்டவை. 19-04-2017 அன்று நடைமுறைக்கு வந்த அதனை இனி ‘சட்டம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் கணவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். நாங்கள் அடிக்கடி செல்ல வேண்டிய ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் மூன்று படிகள் மட்டும் இருந்தன. பலமுறை எழுதிக் கேட்ட பிறகு, படிக்கு அருகிலேயே ஏறத்தாழ ஆறடி நீளத்தில் ஒரு சாய்தளம் கட்டினார்கள். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால்தான் அதில் நாற்காலி ஏறுகிறது. இறங்கும்போது பயமாக இருக்கிறது. “சாய்தளம் கேட்டீர்கள், கட்டிக் கொடுத்துவிட்டோம்” என்கிறார்கள். இதற்கு மேலும் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உரிமை உண்டு, அம்மா. உங்கள் கணவர் பிறர் துணையின்றி, அச்சமின்றி ஏறி இறங்க முடியாத ஒரு சரிவைச் சட்டம் சொல்லும் சாய்தளமாக ஏற்றுக்கொள்ள முடியாது.

மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் வெளியிட்டுள்ள, 2016-இலும் பின்னர் 2021-இலும் திருத்தி அமைக்கப்பட்ட, அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளின்படி ஒரு சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. நம் கொத்தனாருக்குப் புரியும் வகையில் சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஒரு படி ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மூன்று படிகளின் உயரம் 18 அங்குலம். அப்படியானால் சாய்தளத்தின் நீளம் 18 அடி இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள கணக்குப்படி அங்கே கட்டப்பட்டிருப்பது ஆறடிதான். அதாவது, அனுமதிக்கப்பட்டதைப்போல் மூன்று மடங்கு செங்குத்து. இரண்டு பேர் தள்ள வேண்டியிருப்பதற்கும், இறங்கும்போது நாற்காலி கைமீறிப் போவதுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். இதில் உங்கள் கணவரின் உடல்வலிமைக் குறைவு எதுவும் இல்லை.

நீளத்தோடு முடிந்துவிடுவதில்லை. சாய்தளத்தின் அகலம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், அதாவது சுமார் நான்கடி, இருக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் நாற்காலியை நிறுத்தித் திருப்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். கதவை ஒட்டி அந்தச் சமதளம் இல்லையென்றால், ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டே மறு கையால் பின்னோக்கி உருளும் நாற்காலியைப் பிடித்திருக்க வேண்டிய நிலை உண்டாகும். இரு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். அவை சாய்தளம் முடியும் இடத்தோடு நின்றுவிடாமல் ஓர் அடி நீண்டிருக்க வேண்டும். ஓரங்களில் சக்கரம் நழுவாதபடி சிறு தடுப்பு வேண்டும். தரை வழுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடாமல் மழை பெய்யும் நம் கடற்கரை ஊர்களில், சாய்தளத்துக்குப் பளபளப்பான கிரானைட் பதிப்பது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சாய்தளத்தை ஏறிய பிறகு என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி, இருக்கிறதா? மனு கொடுக்கும் முகப்பு, நாற்காலியில் அமர்ந்தவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பகுதியாவது தாழ்த்தப்பட்டிருக்கிறதா? கழிப்பறைக்குள் நாற்காலி முழு வட்டமாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா, பிடிமானக் கம்பிகள் இருக்கின்றனவா, கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா? பல அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டப்பட்டு, துடைப்பமும் பழைய கோப்புகளும் வைக்கும் அறையாக மாறியிருப்பதைக் காண்கிறோம். கட்டிய பணம் அரசுக் கணக்கில் செலவாகிவிட்டது. அந்த வசதி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. சாலையிலிருந்து வாசல், வாசலிலிருந்து முகப்பு, முகப்பிலிருந்து கழிப்பறை என்று இடையில் எங்கே தடை வந்தாலும் அதற்கு முன் செய்த அத்தனை வேலையும் வீணாகிவிடுகிறது.

இனி சட்ட நிலையைச் சொல்கிறேன். 45-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றப்பட வேண்டும். விதிகள் 15-06-2017 அன்று அறிவிக்கப்பட்டன. அந்த ஐந்து ஆண்டு 2022 ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதுரி எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 08-11-2024 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த விதிகளின் 15(1)-ஆம் விதி, அணுகல் தரங்களைப் பரிந்துரைகளாக மட்டுமே வைத்திருந்தது. நாடாளுமன்றமோ 40-ஆம் பிரிவில் அவற்றைக் கட்டாயமாக்க நினைத்தது. ஆகவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்கும்படியும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. “விதியையே உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, இப்போது அளவு எதுவும் கிடையாது” என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், தீர்ப்பைத் தலைகீழாகப் படித்திருக்கிறார் என்று பொருள். இருந்த விதி போதுமான அளவுக்குக் கடுமையாக இல்லை என்பதற்காகவே நீதிமன்றம் அதைக் குறை சொன்னது.

ஆகவே ஓர் அளவுநாடாவை எடுத்துச் சென்று படியின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளந்து, இரண்டையும் எழுதி, ஒளிப்படத்துடன் மனு கொடுங்கள். ‘ஏற முடியவில்லை’ என்ற வரிக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். ‘18 அடி இருக்க வேண்டிய இடத்தில் 6 அடி இருக்கிறது’ என்ற வரிக்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: நெல்லிக்குப்பம் அருகே எங்களுக்கு ஒரு திருமண மண்டபம் உள்ளது. மாடியில் மண்டபம், கீழே உணவுக் கூடம். தனியாருக்குச் சொந்தமான இடத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா? விரிவாக்கிக் கட்ட இருப்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
— வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: கட்டுவதற்கு முன்பே கேட்ட உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். சட்டம் பொருந்தும். பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் அரசுடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும் அது ‘பொதுக் கட்டடம்’ என்றே சட்டத்தின் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. வணிகம், கல்வி, மருத்துவம், சமயம், பண்பாடு, பொழுதுபோக்கு என எந்தப் பயன்பாடாக இருந்தாலும் அதில் அடங்கும். 44-ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. அப்படிக் கட்டி முடித்த கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழும் தரக் கூடாது. மீறினால் 89-ஆம் பிரிவின்படி முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அதன் பிறகு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

மாடியில் மண்டபம் என்றால் மின்தூக்கி இன்றியமையாதது. சக்கர நாற்காலி நுழையும் அகலம், தடவிப் பார்த்து அறியத்தக்க பிரெயில் எண்கள், எந்தத் தளம் என்று சொல்லும் குரல் அறிவிப்பு ஆகியவற்றை வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். பின்னால் சேர்ப்பதைவிட முதலிலேயே அமைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. மணமேடைக்கும் சாய்தளம் வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மணமக்களின் தாத்தாவும் பாட்டியும் கீழே நாற்காலியில் அமர்ந்தபடியே அட்சதை தூவிவிட்டுப் போகும் காட்சி நம் திருமணங்களில் வழக்கமாகிவிட்டது. மணமகனோ மணமகளோ மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் என்ற எண்ணமாவது வரைபடம் போடும்போது வர வேண்டும். கை கழுவும் தொட்டிகளில் ஒன்றிரண்டைத் தாழ்வாக வைப்பதற்குத் தனிச் செலவே இல்லை.

கேள்வி: பார்வையற்ற என் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்து வருகிறாள். கணினியிலும் கைபேசியிலும், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் மூலம் எல்லாவற்றையும் தானே படிப்பாள். ஆனால் பல அரசு அறிவிப்புகளைத் திறந்தால் திரைவாசிப்பான் மௌனமாகிவிடுகிறது, அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. விண்ணப்பப் படிவத்தில், படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்ச்சா வரும்போது என்னையோ அண்டை வீட்டாரையோ கூப்பிட வேண்டியிருக்கிறது. இது தொழில்நுட்பத்தின் குறையா, இணையதளத்தின் குறையா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் மகளிடம் இருக்கும் கருவியில் குறை இல்லை. அறிவிப்பை உருவாக்கியவர்களிடம்தான் குறை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தமிழில் இந்தச் சிக்கலுக்குத் தனி வரலாறு இருக்கிறது.

திரைவாசிப்பான் மௌனமாவதற்குக் காரணம், அந்த அறிவிப்பு தாளில் அச்சிடப்பட்டு, கையெழுத்தும் முத்திரையும் இடப்பட்டு, பிறகு ஸ்கேன் செய்யப்பட்டுப் பி.டி.எஃப். ஆக ஏற்றப்பட்டிருப்பது. கண்ணால் பார்ப்பவருக்கு அது எழுத்து. கணினிக்கு அது ஒரு படம். படத்தில் வாசிப்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. உளறுவதற்குக் காரணம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை வரைந்து வைத்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே கோப்பில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. திரைவாசிப்பான் அவற்றை உள்ளபடியே வாசிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகளைக் கொண்ட யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் பல அலுவலகங்களில் தொடர்கிறது. இது ஏதோ தட்டச்சர்களின் விருப்பு வெறுப்பைப் பற்றிய சிறு விஷயமன்று. ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பின் கடைசித் தேதியை ஒருத்தி தானே படித்துத் தெரிந்துகொள்கிறாளா, இன்னொருவர் படித்துச் சொல்லும்வரை காத்திருக்கிறாளா என்பது இதில்தான் முடிவாகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். ஒட்டிய இடத்தில் எழுத்துகள் சிதைந்து வந்தால், உங்கள் மகளின் காதிலும் அப்படியேதான் சிதைந்து விழுகிறது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் சிதைவு, யூனிகோடில் தட்டச்சு செய்து தவறான முறையில் பி.டி.எஃப். ஆக்கிய கோப்புகளிலும் வரும்.

கேப்ச்சாவைப் பொறுத்தவரை, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய அமைப்பான டபிள்யூ3சி-யின் அணுகல் நெறிகள் தெளிவாக உள்ளன: படத்தைப் பார்த்து எழுதும் கேப்ச்சா இருந்தால், ஒலி போன்ற வேறொரு புலன் வழியிலும் அது கிடைக்க வேண்டும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் திரைவாசிப்பான் படிக்கத்தக்க பெயர் இருக்க வேண்டும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே முழுப் படிவத்தையும் நிரப்ப முடிய வேண்டும். நேரம் முடிந்துவிட்டது என்று பாதியில் வெளியேற்றுவதற்கு முன் எச்சரித்து, நேரத்தை நீட்டித்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் உள்ளது. இது குறைந்த பார்வையுடையோருக்கு மட்டுமின்றி, வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கும் எவருக்கும் பயன்படும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17802 என்ற பெயரில் தகவல் தொழில்நுட்பச் சாதனங்களுக்கும் சேவைகளுக்கும் அணுகல் தரத்தை வெளியிட்டிருக்கிறது. சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதி செய்யும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது.

உங்கள் மகள் கடிதம் எழுதும்போது, “படிக்க முடியவில்லை” என்று மட்டும் குறிப்பிடாமல், எந்த அறிவிப்பு, எந்தத் தேதியில், எந்தத் திரைவாசிப்பானைக் கொண்டு திறந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதை எழுதட்டும். கையெழுத்திட்ட ஸ்கேன் நகல் அலுவலகத்துக்குத் தேவையென்றால் அதை வைத்துக்கொள்ளட்டும். அதனோடு யூனிகோடு எழுத்தில் ஒரு பிரதியையும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். மூலக் கோப்பு அவர்களின் கணினியிலேயே இருப்பதால் கூடுதல் வேலை சில நிமிடங்கள்தான். இதைக்கூடச் செய்யாத அலுவலகத்தின் இணையதளத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தையும் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானையும் மட்டும் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

கேள்வி: பக்கவாதத்தால் என் தாயாரின் முகத்தில் ஒரு பக்கம் அசைவு இல்லை. வங்கிக் கணக்குக்கான கே.ஒய்.சி. என்னும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது, அவரால் முடியவில்லை. கையெழுத்தும் மாறிவிட்டது.
— வாசகி, வில்லியனூர்

பதில்: உங்கள் தாயாருடையதைப் போன்ற துன்பத்தையே உச்ச நீதிமன்றம் 30-04-2025 அன்று பிரக்யா பிரசூன் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் தீர்த்துவைத்தது. அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகள் அவை. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று கூறிய நீதிமன்றம், இருபது கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒருவர் உயிருடன் கேமரா முன் இருப்பதை உறுதி செய்யக் கண் சிமிட்டுதல் அல்லாத வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பதும், பெருவிரல் ரேகையை ஏற்க வேண்டும் என்பதும், தாள் வழியான சரிபார்ப்பு தொடர வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். தீர்ப்பின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படை வங்கிச் சேவைகளை வீட்டுக்கே வந்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலக் கட்டடங்கள் இருக்கும் பகுதியில் பல உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் நான் சென்று வர முடியவில்லை. “பாரம்பரியக் கட்டடம், படியை இடிக்கக் கூடாது” என்கிறார்கள்.
— ஊன்றுகோல் பயன்படுத்தும் ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பழமையைக் காப்பதும் உங்களை உள்ளே வரவேற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. படியை இடிக்கத் தேவையில்லை. சுவரையும் படியையும் தொடாமல், வேண்டும்போது வைத்து எடுக்கத்தக்க மரச் சாய்தளமோ உலோகச் சாய்தளமோ போதும். ஒரே படி உள்ள வாசல்களுக்கு அது எளிது. அங்குள்ள பல வீடுகளின் வாசல் நேரே தெருவில் திறப்பதால், உயரம் அதிகமான இடங்களில் சாய்தளம் போக்குவரத்துக்குள் நீளும். அவ்விடங்களில் முற்றத்துக்குச் செல்லும் பக்கவாசலைத் திறந்துவிடலாம். ஆனால் குப்பைத் தொட்டிகளும் எரிவாயு உருளைகளும் அடுக்கிய வழியாக விருந்தினரை அழைத்துச் செல்வது மரியாதை ஆகாது. உங்களைப்போல் ஊன்றுகோலில் நடப்பவர்களுக்குச் சாய்தளத்தைவிட, படியோரத்தில் உறுதியான கைப்பிடிக் கம்பியே சில நேரம் பெரிதும் உதவும். அதைப் பொருத்துவதற்கு எந்தப் பாரம்பரியமும் தடையாக இருக்காது.

கேள்வி: கடலூர்–புதுச்சேரி தடத்தில் தினமும் பயணிக்கிறேன். பேருந்தின் முதல் படியே முழங்காலுக்கு மேல் இருக்கிறது. பழைய பேருந்துகளை மாற்ற முடியாது என்ற பதில் சரியா?
— வாசகி, ரெட்டிச்சாவடி

பதில்: பாதி சரி. பழைய வாகனங்களைத் திருத்துவது தொழில்நுட்ப வகையில் இயலக்கூடியதாகவும் பொருளாதார வகையில் தாங்கக்கூடியதாகவும் இருந்தால் செய்ய வேண்டும் என்றே 41-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தளர்வு பழையவற்றுக்குத்தான். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பேருந்தையும் உயரமான தளத்துடனேயே வாங்கிவிட்டு அதே பதிலைச் சொல்ல முடியாது. தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத் தளம் கொண்ட தாழ்தளப் பேருந்துகள் நம் நாட்டிலேயே உருவாகி ஓடுகின்றன.

கேள்வி: செவித்திறனற்ற என் தம்பியும், நடக்க இயலாத என் தந்தையும் கடலோரக் கிராமத்தில் வசிக்கிறார்கள். புயல் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வருகிறது, தம்பிக்குக் கேட்பதில்லை. முகாமுக்குப் போனால் தந்தைக்குக் கழிப்பறை இல்லை. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டா?
— வாசகர், தாழங்குடா

பதில்: உண்டு. 2004 ஆழிப்பேரலையும், 30-12-2011 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2024 நவம்பர் கடைசி நாளில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் கண்ட இந்தக் கரையில், இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். ஆபத்து நேரும் சூழலை அவர்களுக்குத் தெரிவிக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தக்க நடவடிக்கை என்பது, உங்கள் தம்பியைப் பொறுத்தவரை, கைபேசியில் அதிர்வோடு வரும் தமிழ்க் குறுஞ்செய்தியும், தொலைக்காட்சி அறிவிப்பில் சைகை மொழியும், கிராமத்தில் நேரில் வந்து சொல்லப் பொறுப்பேற்கும் ஒரு நபரும் ஆகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. பேசவும் கேட்கவும் இயலாதவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எழுத்துச் செய்தி அனுப்ப ஓர் எண் வேண்டும் என்பது உங்கள் மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

நீர் புகாதிருக்கத் தூண்களின் மீது உயர்த்திக் கட்டப்படும் புயல் பாதுகாப்பு மையங்களில், சாய்தளத்தின் சரிவு எத்தனை கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழையில், இருட்டில், பதற்றத்தில் ஏற வேண்டிய வழி அது. பள்ளிக்கூடத்தை முகாமாக்கும்போது, அணுகத்தக்க கழிப்பறை உள்ள பள்ளியையே முதலில் தேர்வு செய்ய வேண்டும். முகாமில் தந்தையின் சக்கர நாற்காலியை “இடத்தை அடைக்கிறது” என்று வெளியே வைக்கச் சொல்லும் வழக்கமும் மாற வேண்டும். அந்த நாற்காலி அவருக்குக் கால்.

புயல் சின்னம் உருவாகும்வரை காத்திராமல், கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் இருவருடைய பெயர், முகவரி, தேவைப்படும் உதவி ஆகியவற்றை இப்போதே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிறார்கள். காது கேளாத எனக்கு முறை தவறிப்போகிறது.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலையும், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமைச் சிகிச்சையையும் வலியுறுத்துகிறது. எண் ஒளிரும் பலகை ஒன்று போதும். அது இல்லாத இடத்தில், உங்கள் சீட்டில் குறிப்பு எழுதி, செவிலியர் நேரில் வந்து அழைப்பது நீங்கள் உரிமையோடு கேட்கத்தக்கது; நியாயமான ஏற்பாடு என்று சட்டம் சொல்வது இத்தகையதையே. மருத்துவரோடு எழுதிப் பேசுவதற்குத் தயங்க வேண்டாம். சைகை மொழி அறிந்தவரை உடன் அனுமதிக்கவும் கேளுங்கள்.

கேள்வி: எங்கே புகார் செய்வது? கடலூரில் ஒரு பதில், புதுச்சேரியில் ஒரு பதில் கிடைக்கிறது.
— பலர்

பதில்: குழப்பத்துக்குக் காரணம், ஒரு மணி நேரத் தொலைவில் இரண்டு அரசுகள் இருப்பதுதான். கட்டடமோ சேவையோ யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது முக்கியமன்று. கடலூர் மாவட்டத்து அரசு அலுவலகம், மாநகராட்சி, நகராட்சி, தனியார் நிறுவனம் என்றால் முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். தீராவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் உள்ளவை குறித்துப் புதுச்சேரி அரசின் சமூக நலத்துறைக்கும், அந்த ஆட்சிப்பகுதிக்கான ஆணையருக்கும் எழுத வேண்டும். ரயில் நிலையம், ஜிப்மர், நெய்வேலி நிலக்கரி நிறுவனம், தேசியமயமாக்கப்பட்ட வங்கி போன்ற மத்திய அரசு சார்ந்தவை எந்த ஊரில் இருந்தாலும், புது தில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையரின் எல்லைக்குள் வரும்.

புகாரில் உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, நடந்தவை, எப்போது நடந்தன, உங்களிடம் உள்ள சான்றுகள், உங்களுக்கு வேண்டிய தீர்வு ஆகியவை இருக்க வேண்டும். தீர்வு என்ற பகுதியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிக்காமல், ‘1-க்கு 12 சரிவில் சாய்தளத்தை மாற்றிக் கட்டவும்’ என்று எழுதுங்கள். வழக்கறிஞர் வழியாகத்தான் புகார் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய கட்டடமாக இருந்தால், அனுமதி பெற்ற வரைபடத்தையும் நிறைவுச் சான்றிதழையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி இணைப்பது புகாருக்கு வலுச்சேர்க்கும். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. மாநில ஆணையர் ஒரு பரிந்துரையை அனுப்பினால், அந்த அலுவலகம் மூன்று மாதங்களுக்குள், எடுத்த நடவடிக்கையை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 81-ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் வராவிட்டாலும், வந்து அதில் உள்ள காரணம் சட்டத்துக்கு ஒவ்வாததாக இருந்தாலும், கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாத மாற்றுத்திறனாளிகள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.